ஒரு சிட்டிகை மருந்து

மூன்று ஞாயிறாகத் தேயிலைத் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு இக்னேசியஸ் வீட்டைக் குறிவைத்துத்தான் கஜேந்திரன் வெடிமருந்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று தடவையும் குறி தப்பவில்லை. இன்றைக்கு மருந்துச் சீசா சட்டைப் பையில் இருந்தும் அவன் கை அந்தப் பக்கமே போகவில்லை.

யாரும் பதற வேண்டாம். பொலிசில் அனுமதி வாங்கித்தான் ராக்கெட் விடுகிறார்கள். தலவாக்கலையில் போன் திருத்துகிற கஜேந்திரனும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சுதர்ஷினியும் சேர்ந்து செய்த ஆள் உயர ராக்கெட் அது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால், வெறிச்சோடிக் கிடக்கும் பெரட்டுக்களம்தான் அவர்களுடைய ஏவுதளம்.

ராக்கெட் உச்சிக்குப் போனதும் முதல் வெடி வெடித்து, மூடி கழன்று, சின்னப் பாராசூட் வெளியே வரவேண்டும். அதோடு விறுவிறுவென்று இறங்கி, தரைக்குக் கிட்டே வந்த பிறகுதான் இரண்டாம் வெடியில் பெரிய பாராசூட் விரியும். முதல் வெடிக்கு மருந்து குறைந்தால் மூடியே கழலாது. கூடினால், அந்த உலுக்கலில் பெரியதும் உச்சியிலேயே பிதுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம் காற்று வைத்ததுதான் சட்டம். அக்கரப்பத்தனை மலைக்காற்று ராக்கெட்டைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கு வீட்டுப் பக்கம் இறக்கிவிடும். அந்த வீட்டில் நிரோஜினி என்று ஒரு மகள். ராக்கெட்டை எடுக்கச் சுதர்ஷினியோடு நடந்து போகிற சாக்கில் நிரோஜினியைப் பார்க்கலாம். காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். கஜேந்திரனின் காதலுக்குத் தராசும் இல்லை.

போன ஞாயிறு அந்தக் காதலுக்குப் பால் ஊற்றியாயிற்று. ராக்கெட்டை எடுத்துக் கொடுத்த நிரோஜினி, "பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க அண்ணா" என்றாள். அண்ணா! பாலில்லாத அந்தப் பிளேன்டியில் சீனி இருந்ததா என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை.

காதல் போனதும் புத்தி வந்தது. கூடவே குற்றவுணர்ச்சியும் வந்தது. அவன் போட்டது என்னவோ ஒரு சிட்டிகைதான். ஆனால் போன தடவை ராக்கெட் குழாயே பிளந்துவிட்டது. பாவம் சுதர்ஷினி, "என் கணக்குலதான் எங்கயோ பிழை" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்குப் பரீட்சை நாள். கொழும்பு ராக்கெட் கழகத்திலிருந்து பிரியந்தி மிஸ் நேரில் பார்க்க வந்திருந்தார். களத்துக்குள்ளேயே இறங்கினால் ராக்கெட்டைப் போட்டிக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லாப் பறப்பும் கொழும்புப் பக்கத்துச் சமதரையில்தான். இந்தப் பெண்ணின் உழைப்பை இன்னொரு தடவை பாழாக்கினால் தனக்குச் சோறு இறங்காது என்று கஜேந்திரனுக்குத் தோன்றியது.

சுதர்ஷினி மருந்தை நிறுத்து, பொட்டலம் கட்டி நீட்டினாள்.

"அளவு சரிதானே டீச்சர்?"

"ஹட்டன் நகைக்கடையில இரவல் வாங்கின தராசுங்க. அது பொய் சொல்லாது."

அட்டை கடிக்காமல் இருக்கக் கணுக்கால்வரை சவர்க்காரம் பூசியிருந்தாள் அவள். சுடிதார்க் காலை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். கஜேந்திரன் பொட்டலத்தில் இருந்ததை அப்படியே நிரப்பினான். ஒரு துளி கூட்டவில்லை, ஒரு துளி குறைக்கவில்லை.

ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. தொழிலாளர் லயத்து நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் குரைத்தன. உச்சியில் 'டப்' என்று ஒரு சத்தம். சின்னப் பாராசூட் வெளியே வந்தது. கஜேந்திரன் கை தட்டப் போனான். அதற்குள் பின்னாலேயே பெரியதும் விரிந்து, ராக்கெட் ஆடி அசைந்து பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துப் புறப்பட்டது.

அண்ணாந்து பார்த்த கழுத்தை இறக்காமலே பிரியந்தி மிஸ் கேட்டார். "இது ராக்கெட்டா, பட்டமா?"

சுதர்ஷினி தராசை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த மாசம் இன்னொரு தடவை வர்றேன். அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் இருவரும் நடந்தார்கள். கஜேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனியும் மறைத்து வைத்தால் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"டீச்சர், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"முன்ன மூணு தடவையும் நான்தான் மருந்தைக் கூட்டிப் போட்டேன். நிரோஜினியப் பாக்கத்தான். உங்க கணக்குல ஒரு பிழையும் இல்ல."

சுதர்ஷினி சட்டென்று நின்றாள். முகம் சுண்டிப்போயிற்று. "இன்னைக்கும் அதுக்குத்தானா?"

"ஐயோ இல்லீங்க! அவ என்னய அண்ணான்னு கூப்பிட்டுட்டா. அந்தக் கதை முடிஞ்சிருச்சு. இன்னைக்கு மாரியம்மா மேல சத்தியமா நான் ஒண்ணுமே போடல. பெறகு எப்படி அந்தப் பெரிசு வெளிய வந்துச்சுன்னுதான் வெளங்கல."

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போன வாரம் கொழாய் பொளந்தப்பவே நெனச்சேன். நான் கூட்டினது அவ்வளவு இல்லயேன்னு."

"நீங்க... கூட்டினதா?"

"நாலு தடவையும்."

"ஏன் டீச்சர்?"

சுதர்ஷினி ஒரு கொழுந்தைக் கிள்ளியபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"தூரமா விழுந்தாத்தானேங்க நாம சேந்து நடக்கலாம்?"