புருஷன் பேர்

"ரத்தினவேல்!" என்றாள் அந்தப் பெண், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"ஆட்சேபணை. கள்ள ஓட்டு," என்றேன்.

குமாஸ்தா கேட்டது புருஷன் பேர். அவள் சொன்னதும் லிஸ்டில் இருக்கிற அதே பேர். அதனால்தான் பிடித்தேன்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கட்டினவள் சொல்லமாட்டாள். பக்கத்தில் நிற்கிறவளை இடித்து, நீ சொல்லுடி என்பாள். இல்லாவிட்டால் காலண்டரில் இருக்கிற முருகனைக் காட்டுவாள். கூலிக்கு வந்தவளுக்கு என்ன வந்தது? யார் ஆயுசு குறைந்தால் அவளுக்கென்ன?

ஆபீசர் இரண்டு கேள்வி கேட்டார். எந்தத் தெரு என்பதிலேயே உளறினாள். போலீஸ்காரர் வெளியே கூட்டிப் போனார்.

வல்லத்திராக்கோட்டையில், அறுபத்திரண்டாம் வருஷத்துத் தேர்தல். பள்ளிக்கூடத்தில் பெட்டி. நான் ஒரு கட்சிக்கு ஏஜெண்டு.

எனக்குக் கண்ணில் புரை. எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியும். முகம் தெரியாது. தெரிந்தேதான் என்னை உட்கார வைத்தார்கள். கண் தெரிகிறவன் சொந்தக்காரியைப் பார்த்தால் சும்மா இருந்துவிடுவான்.

எதிர்க்கட்சி ஏஜெண்டு சந்தனராஜ், ஆவூர்க்காரன். பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கடித்தான்.

"எங்க ஆளாவே பாத்துப் புடிக்கிறீங்களேண்ணே. ஒங்க ஆளுகள ஏத்திட்டு வர்ற லாரி இன்னும் பொன்னமராவதி தாண்டலையா?"

ஆபீசர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வடக்கே எங்கேயோ ஆளுக்கு ஆள் படம் ஒட்டி அட்டை கொடுக்கிறார்களாம், இங்கேயும் வந்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்றார்.

"படம் ஒட்டுறவன் யோக்கியனா இருப்பானா சார்?" என்றேன்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

உச்சி வெயிலுக்கு வரிசை அறுந்துபோனது. வெளியே ஒரு காக்கை கூட இல்லை. உள்ளே உத்தியோகஸ்தர்களும் நாங்கள் இரண்டு பேரும்தான். உள்ளூர்க்காரன் என்றால் நான் ஒருத்தன்.

ஒருத்தி வந்து நின்றாள். வந்த சத்தம் கேட்கவில்லை.

பேர் கேட்டார்கள்.

"அழகம்மாள்."

கம்மின குரல், யாருடையது என்று பிடிபடவில்லை. அழகம்மாள் என் மனைவி. போன ஆடியில் நான்தான் கொள்ளி வைத்தேன். லிஸ்டில் பேரை அடிக்கச் சொல்லி நான் போகவில்லை. போயிருந்தாலும் அடித்திருக்கமாட்டார்கள்.

சந்தனராஜ் பக்கம் திரும்பினேன்.

"செத்தவளயும் விடமாட்டியாடா?"

"சத்தியமா எங்க ஆளு இல்லண்ணே."

அவன் சத்தியத்தை அவன் சாமியே நம்பாது.

"புருஷன் பேரச் சொல்லும்மா," என்றார் குமாஸ்தா.

என் பேரை அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்ன மறு நொடி பிடித்துக் கொடுத்துவிடலாம். காலையிலிருந்து ஊரான் வீட்டுக் கள்ளியையெல்லாம் பிடித்தவன், என் வீட்டுப் பேரில் ஒருத்தியை விட்டால் நாளைக்குக் கடைத்தெருவில் எப்படி நடப்பது?

அவள் சொல்லவில்லை.

குமாஸ்தா குரலை உயர்த்தி இன்னொரு தரம் கேட்டார்.

சேலைத் தலைப்பை இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. கை நீண்டது. என் பக்கம் நீண்டது. அது எனக்குத் தெரிந்தது.

"அந்தா ஒக்காந்திருக்காகல்ல, செவந்தி அப்பா. அவுகதான்."

செவந்தி எங்கள் பிள்ளை. பேர் வைத்த வாரமே போய்விட்டது. அதற்கப்புறம் பிள்ளை இல்லை. வந்த சுவடே தெரியாமல் போன பிள்ளையை ஊர் எதற்கு நினைவு வைக்கிறது? அந்தப் பேர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியை எரித்துவிட்டேன்.

எந்த லிஸ்டிலும் செவந்தி இல்லை. எந்த லாரிக்காரனும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

"பெரியவரே, உங்க சம்சாரமா?" என்றார் ஆபீசர்.

வாசலில் போலீஸ்காரர் பூட்ஸ் நகர்ந்தது. இல்லை என்றால் அவளைக் கொண்டுபோவார்கள். ஆமாம் என்றால் நானும் கள்ளன்.



"ஆமா. எங்க வீட்டுக்காரிதான்."

சந்தனராஜ் ஆட்சேபணை சொல்லாமல் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டான். என் வீட்டுச் சாவுக்கு மாலை கொண்டுவந்தவன் அவன்.

"வெரலத் தொடைச்சுக்கம்மா, ஒரே சாம்பலா இருக்கு," என்றார் மை வைக்கிறவர்.

பாத்திரம் விளக்கின கையில் சாம்பல் இருக்கத்தான் செய்யும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மறைப்புக்குள் போனாள். முத்திரை குத்துகிற சத்தம். பெட்டியில் சீட்டு விழுகிற சத்தம். மற்றவர்கள் ஓட்டுக்குக் கேட்ட அதே சத்தம்தான்.

போகிறவள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள். புகை வாடை அடித்தது. என் காதோரம் குனிந்தாள். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து ஒரு தரம்கூட அழகம்மாள் வாயில் வராததை, மெதுவாக, முழுசாகச் சொன்னாள்.

"ஆத்மநாதன்."

புருஷன் பேரைச் சொல்லிவிட்டாள். என் கணக்குப்படி அவள் கூலிக்கு வந்த கள்ளி.

கள்ளியாகவே இருக்கட்டும் என்று பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.