பக்கத்து வீட்டு ஃபோல்டர்

பக்கத்து வீட்டு நாகேஸ்வரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சுந்தரலிங்கம் அவருடைய அலுவலக அறைக்குள் புகுந்தார். காலில் செருப்பில்லை, இடுப்பில் ஒரு சாரம் மட்டுந்தான். தன் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே புகுந்ததால் யாரும் அவரைக் காணவில்லை.

விண்டோஸ் படுத்துவிட்ட பழைய கணினியில் மகன் ராகுலன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். ஏதோ படம் தேடி ஃபைல்களைத் திறந்தவர், இடப்பக்கம் ‘நெட்வேர்க்’ என்று இருந்ததைச் சும்மா விட்டுவைப்பாரா? அழுத்தினார். அந்த வெள்ளவத்தை ஃபிளாட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை என்பதால், ‘நாகேஸ்-பிசி’ என்று பக்கத்து வீட்டுக் கணினி வந்து நின்றது.

பெயரோடு போகிறீரா, பெயர் சொல்லாமல் போகிறீரா என்று ஒரு பெட்டி கேட்டது. இந்த மாதிரிக் காரியத்துக்குப் பெயர் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? பெயர் சொல்லாமலே உள்ளே போனார்.

நாகேஸ்வரி கல்யாணத் தரகர். வீட்டில் இரண்டு கணினி வைத்திருந்ததால், ஒன்றிலிருந்து மற்றதில் எடுக்க வசதியாக எல்லா ஃபைல்களையும் யாரும் திறந்து திருத்தக்கூடியபடி பொதுவில் போட்டிருந்தார். அதில் ராகுலனின் பெயரும் இருந்தது. வயது முப்பத்தாறு, பதினொரு இடம் பார்த்துப் பதினொன்றும் தட்டிப்போய்விட்டது. ஏன் என்று மட்டும் நாகேஸ்வரி வாய் திறப்பதேயில்லை.

ஃபைலைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ‘மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. தாய் இல்லை. தகப்பன் வாய் ஓயாத ஆள்; எல்லாத்துக்குள்ளும் மூக்கை நுழைப்பார். பெண் வீட்டார் பயப்படுகிறார்கள்.’

சுந்தரலிங்கம் அதை இரண்டுதரம் வாசித்தார். மனைவி போய் ஆறு வருடம். பிள்ளை தனித்துப் போய்விடுவானே என்று இவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, குறுக்கே நிற்பது இவரேதானாம்.

“அப்பா, என்ன செய்யிறியள்?” அறைக்குள்ளிருந்து ராகுலன் கேட்டான்.

“சும்மா ஃபைல் பாக்கிறன், தம்பி.”

“ஆரின்ர ஃபைல்?”

“உன்ர ஃபைல்தான்.”

அவன் சமாதானமாகிவிட்டான். இவர் வேலையைத் தொடங்கினார். மகனுக்கு ஒரு அங்குலம் உயரம் கூட்டினார். மிச்ச நேரமெல்லாம் தகப்பனுக்கே போனது; இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

‘தகப்பன் மிகச் சாந்தமானவர். கேட்டால் ஒழியக் கதைக்கமாட்டார். தினமும் கடற்கரையோரம் மூன்று மைல் நடை. சீனி, பிரஷர் ஒன்றும் கிடையாது. தானே சமைப்பார், நண்டுக்கறி விசேஷம். இனிமையாகப் பாடுவார். வீட்டுக்கு வருகிறவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவார்.’

தன் தலை கறுப்பாயிருந்த காலத்துப் படம் ஒன்றையும் சேர்த்துச் சேமித்துவிட்டு, வந்த வழியே வெளியேறினார்.

நான்காம் நாள் நாகேஸ்வரி தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணை, நாளைக்குப் பின்னேரம் வீட்டிலை நில்லுங்கோ. கிருலப்பனையிலயிருந்து ஒரு ஆள் வாறா. நான் எழுதிவைச்சதைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினன், நல்லாப் பிடிச்சுப்போச்சு.”

நான் எழுதிவைச்சதாம்! சுந்தரலிங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டார். “அப்ப தம்பியை லீவு போடச் சொல்லட்டே, தங்கச்சி?”

“தம்பி நிண்டாலும் ஒண்டு, நிக்காட்டிலும் ஒண்டு.”

முதலில் பெரியவர்கள் பேசி முடிப்பதுதானே முறை என்று இவர் தலையாட்டினார். ஆனாலும் ராகுலனைப் போகவிடவில்லை. புதுச் சேர்ட் போடவைத்து அறைக்குள் இருத்தினார்.

மறுநாள் நாகேஸ்வரி, நீலச் சேலை கட்டிய ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார். பெயர் தவமலர், நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். “நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ” என்று சொல்லி நாகேஸ்வரி நழுவிவிட்டார்.

எழுதியபடி நடக்கவேண்டுமே! சுந்தரலிங்கம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“நண்டுக்கறி நீங்கள்தான் வைக்கிறனீங்களோ?”

“ஓம்.”

“காலமையில நடக்கிறனீங்களோ?”

“ஓம்.”

“சீனி, பிரஷர்?”

“இல்லை.”

பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டை நாலு கேள்வி கேட்காமல் விடுவாளா என்று நினைத்துக்கொண்டார். ஒரு பாட்டுப் பாடச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் கூடிப்போனதாகப் பட்டது. பிள்ளைக்காக எதையும் செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி பாடினார். திறந்து பார்த்தபோது அந்த அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

“எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு,” என்றார் தவமலர்.

சுந்தரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொன்று போனாலும் பன்னிரண்டாவது வாய்த்துவிட்டதே! “தம்பி, வா, அன்ரிக்கு வணக்கம் சொல்லு” என்று மகனை வெளியே இழுத்துவந்து நிறுத்தினார்.

அரை மணித்தியாலமாகப் பூட்டிவைத்திருந்த வாய் இனிப் பொறுக்கவில்லை. “எல்லாம் சரி, மகள் எங்க வேலை செய்யிறா? எப்ப நாங்கள் பொம்பிளை பாக்க வரட்டும்?”

தவமலர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை வியப்போடு பார்த்தார்.

“மகளோ? நானே இன்னும் கலியாணம் கட்டேல்லை. உங்களைப் பாக்கத்தானே வந்தனான்!”