அவசர லோடு

ஏழு வருஷமாக யூ.பி.எஸ். அறைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத எங்கள் மேனேஜர், இன்று கரண்ட் போன மறு நிமிடமே எனக்குப் போன் போட்டுப் பாடம் கேட்டார். எலெக்ட்ரீஷியன் ஆன பயனை இன்றுதான் அடைந்தேன்.

“ஏம்ப்பா, எப்பப் பார்த்தாலும் லோடு, லோடுங்கிறியே, அப்படின்னா என்ன?”

“யூ.பி.எஸ். தலையில நாம ஏத்துற சுமை சார். உங்க ரூம் ஏசி, காபி மெஷின், மீன் தொட்டி.”

“பேக்கப் டைம்?”

“கரண்ட் போனா பேட்டரி தாங்குற நேரம். சுமை கூடினா நேரம் குறையும்.”

“இப்ப எவ்வளவு தாங்கும்?”

“ரெண்டு மணி நேரம். கவலையே படாதீங்க சார், மீனெல்லாம் சௌக்கியமா இருக்கு.”

மறுமுனையில் பெருமூச்சு. மீன்கள் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னும் ஒரே ஒரு லோடு இப்பவே சேர்க்க முடியுமா?”

“தனியா ஒயர் இழுக்கணும், உங்க கையெழுத்தும் வேணும். போன மாசம் லிஃப்டைச் சேர்க்கணும்னு ஃபைலோட வந்தேனே, ஞாபகம் இருக்கா? ‘தண்டச் செலவு. படியேறினால் உடம்புக்கு நல்லது’ன்னு சிவப்பு மையில எழுதித் திருப்பி அனுப்பிட்டீங்க.”

“அதே ஃபைல்தான். உடனே எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது.

“இதோ வந்துட்டேன் சார். ரூம்லதானே இருக்கீங்க?”

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல.”