அண்ணன் கேட்ட ஆறு எண்கள்

எங்கள் திரைச்சீலைக் கடையில் தம்பி முதலாளி தினமும் பத்து சதவீதம் தள்ளுபடி போடுவார். பதினொரு மணிக்கு மவுஸ் அம்பு தானாக நகர்ந்து அதை ஐந்தாக்கிவிடும். வீட்டிலிருந்தே கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அப்படி வெட்டுவது அண்ணன் முதலாளியின் வழக்கம். அவர் காலமாகி நான்கு மாதமாகிறது; அம்பு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"எவனோ உள்ள பூந்துட்டான் சார்" என்ற கம்ப்யூட்டர்காரர், பழைய ரிமோட் மென்பொருளை அப்டேட் செய்து பாஸ்வேர்டை மாற்றினார். "இனிமே யார் நுழையணும்னாலும் உங்க செல்லுக்கு வர்ற ஆறு நம்பர் வேணும். கூடப் பொறந்தவங்க கேட்டாலும் சொல்லிடாதீங்க."

பதினொரு மணிக்கு அம்பு அசையவில்லை.

"இன்னைக்குத்தான்யா நான் முதலாளி" என்று தம்பி நாற்காலியில் சாய்ந்தார். உடனே அவர் செல்லுக்கு ஆறு எண்கள் வந்தன. அண்ணன் போனதும் இணைப்பை வெட்டிவிட்ட மேசைத் தொலைபேசி மணியடித்தது. எடுத்தார். அண்ணன் குரல் எங்களுக்கே கேட்டது.

"டேய், அந்த நம்பரைச் சொல்லு."

தம்பி எழுந்து நின்றுவிட்டார். கம்ப்யூட்டர்காரர் வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"எட்டு பர்சென்டாவது விடுங்கண்ணே, சொல்றேன்."

மறுமுனை கொஞ்சம் யோசித்து, "சரி, சொல்லு" என்றது.

தம்பி ஒவ்வொன்றாக வாசித்தார். அம்பு நிதானமாக நகர்ந்து ஏழு என்று போட்டது.