யாருடைய பிராஞ்ச்?

"அக்காவோட பிராஞ்சைக் காணோம்!"

தாடி என்று ஆபீஸே கூப்பிடும் இளைஞன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்ப்பவர். கணவருக்கு ஆபரேஷன் என்று நாலு மாதமாக லீவில் இருக்கிறார். அவர் பாதியில் விட்டுப்போன புரோகிராம், பொது சர்வரில் ஒரு தனிக் கிளையாக, ஆபீஸ் பாஷையில் பிராஞ்சாக, இருந்தது. இன்று காலை இல்லை.

அழித்தது யார் என்று சர்வரே காட்டிக் கொடுத்தது. டீம் லீடர்.

தாடி நேரே அவர் மேஜைக்குப் போனான்.

"ஏன் சார் அழிச்சீங்க?"

"தேவையில்ல, அழிச்சேன்." அவர் நிமிரக்கூட இல்லை.

"ராப்பகலா உழைச்சாங்க சார். ஆள் இல்லாத நேரம் பாத்து அழிக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?"

"போய் வேலையைப் பாருப்பா."

தாடிக்கு ரத்தம் கொதித்தது. அந்த பிராஞ்சின் நகல் அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரே ஒரு கட்டளை தட்டினான். பிராஞ்ச் பழையபடி சர்வரில் ஏறிவிட்டது.

"அக்காவுக்காகக் கேக்க இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன் இருக்கேன்!"

நாலு பேர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் லீடர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"அதைத் திரும்ப ஏத்தினது நீயா?"

"நான்தான். இப்ப என்னங்கறீங்க?"

"அடப்பாவி! பிராஞ்ச்ங்கறது வெறும் ஒரு பேரு, அதுக்குள்ள வேலை எங்க இருக்குன்னு காட்டற ஒரு நம்பரு. பேரை அழிச்சா உழைப்பு அழிஞ்சிடுமா? நம்பரை எழுதி வச்சிருக்கேன், நகலும் வச்சிருக்கேன். அவங்க வந்ததும் திரும்ப ஏத்தறது ஒரு நிமிஷ வேலை."

"அப்புறம் எதுக்கு அழிச்சீங்க?"

"ஆள் குறைக்கறாங்கப்பா. மூணு மாசமா அசையாம கிடக்கற பிராஞ்செல்லாம் யாரோடதுன்னு தலைமை ஆபீஸ்ல இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் எடுத்தாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. அதான் காலைல வாயைத் திறக்கல."

"ஐயோ! அக்கா பேரு வந்துடுச்சா சார்?"

"இல்ல. அசைஞ்சுதான்னு பாக்கறது உள்ள இருக்கற வேலையோட தேதிய, அது பழசுதான்; பேரை மட்டும் கடைசியா சர்வர்ல ஏத்தினவங்களோடதா அந்த லிஸ்ட் எடுக்கும். உன் பேரு வந்திருக்கு."

தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பயப்படாதே. மேலிடத்துல நான் பேசி உன் பேரை எடுக்க வைக்கறேன். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தலைமை ஆபீஸுக்கு நீயா எதுவும் எழுதிடாதே. எழுதினா உங்க அக்கா வேலை போயிடும்."

தலையாட்டிவிட்டு இடத்துக்கு வந்தான் தாடி. தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினான். இரண்டே வரி.

"அந்த பிராஞ்ச் என்னுடையது அல்ல. நாலு மாதமாக வேலைக்கே வராத ஒருவருடையது."