வாசனை வரவில்லை

பாய்லருக்கு அடியில் மண்டி போட்டு, தரையோடு தரையாக முகத்தை வைத்து உறிஞ்சினார் மூக்கண்ணன்.

கசிந்த கேஸ் மேலே ஏறாது. தரையில்தான் பாய் விரித்துப் படுக்கும்.

ஒன்றுமில்லை. சுத்தம்.

தலைக்கு மேலே நாலு மாடி ஓட்டல். வெந்நீருக்குக் காத்திருக்கும் விருந்தாளிகள். கசிவைக் காட்டும் கருவி எப்போதோ செத்துச் சுவரில் தொங்குகிறது. புதிது வாங்கும் பேச்சு வரும்போதெல்லாம், "நம்ம மூக்கண்ணன் இருக்கும்போது மெஷின் எதுக்கு?" என்று மேனேஜர் முடித்துவிடுவார். மூக்கண்ணனுக்கும் அதில் உச்சி குளிர்ந்துவிடும்.

பம்பின் இரைச்சலில் இன்டர்காமைக் காதோடு அழுத்தி மேனேஜரிடம் சொன்னார். "எல்லாம் சரியா இருக்கு சார்."

"அப்ப நானும் கீழ வர்றேன். இங்க காபி வெறும் வெந்நீராட்டம் இருக்குய்யா, சமையல்காரனை மாத்தணும்."

போன வாரம் இருவரையும் ஒரே காய்ச்சல்தான் புரட்டிப் போட்டது. எழுந்து வந்ததும் மேனேஜர் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார். மூக்கண்ணன் 'சரி' சொன்ன பிறகு, அன்றைய முதல் சிகரெட் இந்த அறையில்தான்.

பாய்லரைப் பற்றவைக்க மூக்கண்ணன் தீப்பெட்டியை எடுத்தபோது செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா, இன்னைக்குத் தத்துவப் பரீட்சை. நிரூபிக்காமலே நம்புற ஒண்ணுக்கு உதாரணம் சொல்லுங்க, சட்டுனு."

"என் மூக்கு."

சிரித்தாள். "சைபர்தான் போடுவாங்க. சரி, உங்க மூக்கு கெட்டுப்போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இதென்னடி கேள்வி? கேஸ் கசிஞ்சாலும் வாசனை வராது."

"இப்ப வருதா?"

"வரல."

"மூக்கு நல்லா இருந்தாலும் அதே பதில், கெட்டுப்போனாலும் அதே பதிலா? தப்புன்னு காட்ட வழியே இல்லாத சோதனை, சோதனையே இல்லப்பா. அட, இதையே எழுதிடறேன்!"

வைத்துவிட்டாள்.

குச்சி பெட்டியின் ஓரத்தில் நின்றது.

காலையில் மனைவி போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. "பால் தீஞ்சு வீடே நாறுது. பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறீங்களே, மனுஷனா நீங்க?"

வழக்கமான பாட்டு என்று பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

குச்சியை மெல்லக் கீழே வைத்தார். கிரீஸ் போகக் கை துடைக்கும் மண்ணெண்ணெய்த் துணி ஆணியில் தொங்கியது. எடுத்து முகத்தில் அப்பி, நெஞ்சு முட்ட இழுத்தார்.

ஈரம் தெரிந்தது. அவ்வளவுதான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. அதற்கும் பின்னால், மேலே கதவருகில், ரூம் சுத்தம் செய்யும் அக்காவின் குரல்.

"அய்யய்யோ, என்ன சார் இப்படி நாறுது?"

"நாறுதா? எனக்கு ஒண்ணும் வரலையேம்மா. அதெல்லாம் மூக்கண்ணன் பாத்தாச்சு."

பம்பின் இரைச்சலுக்கு மேலே கத்த வாயைத் திறந்தார் மூக்கண்ணன்.

டிக்கென்று லைட்டரின் மூடி திறந்தது.