அப்பா சொன்னது

"டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச்ல மட்டும் எப்படிடி நீ நூத்துக்கு நூறு வாங்குற?" என்று தோழி கேட்டாள்.

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்றதுதானே? வீட்ல எனக்கு அதான்டி வேலை" என்று அவள் மழுப்பினாள்.

பொய்யில்லை. சாயங்காலமானால் சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடி."

அவள் அப்பாவின் அறைக்குள் போய்விட்டு வருவாள். "பசிக்கலன்னு சொல்றார்மா."

"நேத்தும் இதே வீம்புதான்! நான் கோவிச்சுக்குவேன்னு போய்ச் சொல்லு."

"கோவத்துலதான் நீ ரொம்ப அழகுன்னு சொல்றார்மா."

அம்மா சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் தினமும் புளுகினாள். அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. அம்மாவின் மனசுதான் அதை ஏற்க மறுத்தது. காலி அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பதிலை அவளே ஜோடித்துக்கொண்டு வருவாள்.

இன்று அவள் பள்ளிவிட்டு வந்தபோது, அம்மா அந்த அறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நடுவுல நீ வேண்டாம்டி. அவரே எங்கிட்ட நேரா பேசிட்டார்."

"எ... என்னம்மா சொன்னார்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"நெஞ்சு வலிக்குது, அம்மாவைக் கூப்பிடுன்னு அன்னைக்கு உங்கிட்ட சொன்னாராமே? ஏன்டி எங்கிட்ட வந்து சொல்லல?"

செல்போன் விளையாட்டு மும்முரத்தில் அவள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சேதி, அவளையும் அப்பாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.